பெரியப்பாவின் கடற்பசு

பெப்ரவரி 6, செவ்வாய்

நியூயோர்க் சஞ்சிகை வேலையில் இது இரண்டாவது மாதம். மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கம், என் சமையலறை மேசைதான் கந்தோர். எழுத்தாளர்கள் எழுதி அனுப்புவது உண்மைதானா என்று ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்ப அவை பொய்யே எழுதுகினம்?"

ஒரு பாதுகாப்புக்கு என்றேன். நம்பவில்லை. ஆறு மாதம் தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

பெப்ரவரி 9, வெள்ளி

வார்னர் கீட்லியின் கட்டுரை வந்திருக்கிறது! முப்பது வருடமாக எழுதுகிறார், எட்டுப் புத்தகம், இரண்டு விருது. கடலை இழந்த மீனவர்கள் பற்றியது. மூன்றாம் பக்கத்தில், மொன்ட்ரியாலில் வாழும் மன்னார் மீனவர் ஒருவர். புயலில் வள்ளம் கவிழ, கடற்பசு ஒன்று அவரை முதுகில் சுமந்து கரைசேர்த்ததாம். 'வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள்.' பெயர் மரியதாசன், வயது எழுபத்தொன்று.

என் பெரியப்பா!

முப்பத்தொரு வருடம் மன்னார் தபால் கந்தோரில் முத்திரை குத்திய கைகள் அவை.

சொந்தக்காரர் என்றால் உடனே ஆசிரியரிடம் சொல்லவேண்டும். அதுதான் விதி. சொல்லவில்லை. ஏன்? பயம், வேறென்ன.

பின்னேரம் அவரைக் கூப்பிட்டு, முறைப்படி ஆங்கிலத்தில் என்னை அறிமுகம் செய்தேன்.

"வினோஜா? தடிமனே பிள்ளை? குரல் ஒரு மாதிரிக் கிடக்கு."

விடவில்லை. ஐயா, உங்களைக் கடற்பசு சுமந்தது சரியா?

"ஓம்."

எந்த ஆண்டு?

"வீட்டை வா. கோழிக்கறி கிடக்கு."

பெப்ரவரி 11, ஞாயிறு

போனேன். முதலில் சாப்பிடவைத்தார்.

"அந்த மனுசன் வந்து என்ர கையைப் பார்த்தே 'மீனவரோ' எண்டு கேட்டார். தபால் கந்தோர்க் கிளாக்கர் எண்டு சொன்னா எழும்பிப் போயிடுவார். கோப்பியும் குடிச்சு முடியேல்லை."

அதுக்குக் கடற்பசுவோ பெரியப்பா?

"புயலோட நிப்பாட்டத்தான் பார்த்தனான். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்."

சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "தபால் கந்தோரைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை, பிள்ளை," என்றார்.

கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். றோசலின் அன்ரி பத்துப் பிரதி கேட்டிருக்கிறா.

பெப்ரவரி 12, திங்கள்

சொல்லிவிட்டேன். கடற்பசு பொய், அவர் என் பெரியப்பா, வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில். ஆசிரியர் பிரெண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கீட்லியையும் அழைப்பில் சேர்த்தார்.

"அந்தக் கதையைக் கேட்டு நான் அழுதேன்," என்றார் கீட்லி.

கடற்பசு மனிதரைச் சுமந்ததற்கு எங்கும் பதிவில்லை, கையைப் பார்த்து 'மீனவரோ' என்று முதலில் கேட்டதும் நீங்கள்தான் என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

கட்டுரை இனி ஆதாம் என்ற சக ஊழியர் கையில். என் வேலை? பார்ப்போம் என்றார் பிரெண்டா. கீட்லியிடம் மட்டும், "அவரிடம் திரும்பப் பேசுங்கள். இந்தமுறை நீங்கள் பதில் சொல்லிக்கொடுக்க வேண்டாம்," என்றார்.

பெப்ரவரி 13, செவ்வாய்

லீவு போட்டேன். எல்லாம் அந்தக் கோழிக்கறிதான் – இல்லை, பொய். பயம்.

பெப்ரவரி 20, செவ்வாய்

கீட்லி மூன்று மணித்தியாலம் பெரியப்பாவுடன் கதைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் 'கோபக்கார வாத்தியார், கோயிலடி, மன்னார்' என்று மட்டும் விலாசமிட்டு ஒரு கடிதம் வந்ததாம். தபால்காரர் கைவிட்டதைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு மூன்று வாத்தியார் வீட்டுக்குப் போனாராம். எவர் ஏசினாரோ அவரிடம் கொடுத்தாராம்.

ஐயோ, இதுவும் கடற்பசுதானோ?

பெப்ரவரி 22, வியாழன்

வாத்தியாருக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. ஆதாம் கண்டுபிடித்துக் கூப்பிட்டான். இந்த நேரத்தில் கூப்பிடுவதா என்று ஏசிவிட்டு வைத்துவிட்டாராம்.

"உறுதி," என்று ஓரத்தில் குறித்திருக்கிறான்.

மே 5, ஞாயிறு

சஞ்சிகை வந்துவிட்டது. மீனவர் கட்டுரையில் பெரியப்பா இல்லை. அவருக்கென்று தனியாக நான்கு பக்கம். பூசை முடிந்து எல்லோரும் சுற்றி நிற்க, றோசலின் அன்ரி புரட்டிப் புரட்டிப் பார்த்தா. "கடற்பசு எங்கை?"

"வெட்டிப்போட்டினம்," என்றார் பெரியப்பா. என்னைப் பார்க்கவில்லை.

மே 28, செவ்வாய்

எனக்கு இன்னும் ஒரு மாதம் நீட்டித்துப் பார்க்கிறார்களாம். துரத்தவில்லை, அதுவே போதும்.

பெரியப்பாவுக்கு அமெரிக்காவிலிருந்து கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கைப்பட எழுதுகிறார். ஒஹாயோவிலிருந்து ஒரு அம்மா, மன்னார் கடலை நினைத்து ஏங்குகிறீர்களா என்று கேட்டிருந்தா. பதிலைத் தபாலில் போடமுதல் என்னிடம் நீட்டி, "சரியோ பார், பிள்ளை," என்றார்.

'அன்புள்ள அம்மணி, எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுத்துவிடுவேன்.'

ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை.