சின்னவளுக்கு நாலு ஸ்டார்

ஜனவரி 23, வெள்ளி

காசிமேட்டில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, சின்ன மகள் சோபியாவின் கல்யாணச் சீருக்கு ஃப்ரிட்ஜ் வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். போன வருடம் பெரியவள் ரீட்டாவுக்கு வாங்கிய அதே மாடல்தான் வேண்டுமாம். எடுத்துக் காட்டியதும் முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா, பெரியவளுக்கு அஞ்சு ஸ்டாரு, சின்னவளுக்கு நாலா? சீரு மீன்பாடி வண்டில போறப்ப தெருவே எண்ணிப் பாக்கும்.”

மெஷின் அதேதான், இழுக்கும் கரண்டும் அதேதான், கரண்ட் சேமிப்புக்கு ஸ்டார் போடும் அரசாங்கம் இந்த வருடம் பாஸ் மார்க்கைத்தான் ஏற்றிவிட்டது என்று அரை மணி நேரம் விளக்கினேன். சோபியா கண் கலங்கி நின்றாள். எக்ஸ்சேஞ்சில் வந்து மூலையில் இருந்த பழைய ஃப்ரிட்ஜின் ஐந்து ஸ்டார் ஸ்டிக்கரை உரித்து இதில் ஒட்டச் சொன்னார் அக்கா. முடியாது என்றேன். வியாபாரம் போச்சு என்றே நினைத்தேன்.

அக்கா ரீட்டாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் முழுதும் கேட்டுவிட்டு, “இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? என் அஞ்சு ஸ்டார அவளுக்குக் குட்த்துட்றேன். அந்தப் புதுசை என் வூட்டுக்கு அனுப்பிடு” என்றாள்.

சோபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேணாம்மா. நாலே போதும். பில்லு போடச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து எங்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடப் பழசு, ஸ்டிக்கரில் மூன்று ஸ்டார். மணலியில் இருக்கும் என் தங்கை போன வாரம்தான் புதிது வாங்கினாள். இரண்டு ஸ்டார்தான் என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

நாளைக்கு அவளுக்கு போன் போட்டு, என் மூன்று ஸ்டாரை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்க வேண்டும்.