வரி கட்டாத வண்டி

14 மார்ச் 1964, சனி

இன்று செல்லமுத்துவைப் பழிதீர்த்துக்கொண்டேன். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய கார் பட்டறையிலிருந்து, வாடிக்கையாளர்களிடம் என்னைத் திருடன் என்று சொல்லியே வெளியே தள்ளியவன் அவன்.

இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகும் ராணுவ அதிகாரி ஒருவரின் கார் ஏலத்துக்கு வந்திருந்தது. அது வரி கட்டாமல் இறக்கிய வண்டி, எடுப்பவர்தான் சுங்க வரியையும் கட்ட வேண்டும் என்று ஏலக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். செல்லமுத்து அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தான். நான் கை தூக்குவதைப் பார்த்ததும் அவனும் தூக்கினான். எதையும் எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டான் என்று தெரியும். விலையை ஏற்றிக்கொண்டே போனேன். வண்டியின் மதிப்பைத் தாண்டியதும் கையை இறக்கிவிட்டேன்.

"என்ன லா, அவ்வளவுதானா?" என்று சிரித்தான்.

பணம் கட்டும் இடத்தில் குமாஸ்தா வரியைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு செத்துப்போனது. வண்டி வேண்டாமென்றால் ஏலத்துக்குக் கட்டிய முன்பணம் திரும்பாதாம். நேராக என்னிடம் வந்தான்.

"உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"திருடன் சொன்னா யாரு நம்புவா?" என்றேன்.

திரும்பவும் பணம் கட்டும் இடத்துக்கே போனான்.

வீட்டுக்கு வந்து மீன் குழம்பை மறுபடி மறுபடி ஊற்றிச் சாப்பிட்டேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை. செல்லமுத்துவின் மனைவி இவளுக்குச் சிநேகிதி, பாவம் என்பாள். எனக்குப் பாவமாக இல்லை. விளக்கை அணைக்கப்போகும்போதும் ஒன்றுதான் தோன்றுகிறது. விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டிருக்கலாம்.