வெள்ளை ஆர்க்கிட்டும் நீல நூலும்

என் அன்பான மைனிக்கு,

முதலில் ஒரு கள்ளத்தனத்தை ஒத்துக்கொள்கிறேன். உங்க வெள்ளை ஆர்க்கிட் பூத்துவிட்டது என்று போன ஓணத்துச் சமயம் சென்னையில் இருக்கிற உங்க மகள் ஜெனிக்குப் போட்டோ அனுப்பினேன். அது பூக்கவில்லை. களியக்காவிளைக்குப் போன இடத்தில் ஒரு ஃபேன்சி கடையில் வெள்ளையாய் பிளாஸ்டிக் பூ தொங்கியது. ஒரு கொத்து வாங்கி வந்து செடியில் வைத்து நூலால் கட்டினேன். ஜெனி போனில் அழுதாள். அம்மாவே வந்த மாதிரி இருக்கு அத்தே என்றாள். அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறக்க?

சிரிக்காதீங்க. நான் கட்டினது ஜெனிக்காக இல்லை, அண்ணனுக்காக.

நீங்க கண்ணை மூடின மார்ச்சில் இருந்து உங்க வீட்டுக்காரரான என் அண்ணன் பேசுவதை விட்டுவிட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் டிக்கெட் என்று கத்தின மனுஷன், சாப்பிட்டாச்சா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை. முன்வாசலில் நாற்காலியைப் போட்டு அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரியில் நீங்கதானே அவர் கையைப் பிடித்து, என் வெள்ளை இந்த வருஷமும் பூக்கும், பாத்துக்கிடுங்க என்று சொன்னது? அது பூக்கவே இல்லை. சொன்ன ஆளும் இல்லை. பின்ன அவர் எதைப் பார்ப்பார்?

நான் சும்மா இருக்கவில்லை மைனி. உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றில் இருந்து தினமும் சாயங்காலம் என் வீட்டில் இருந்து வந்து தண்ணி ஊற்றினேன். மீன் கழுவின தண்ணி, அரிசி களைந்த தண்ணி, கடலைப் புண்ணாக்கு கரைத்தது, எல்லாம் கொடுத்தேன். இலை நல்ல செழிப்பாய் வந்தது. ஒரு மொட்டு வரவில்லை. நீங்க ரிட்டயர் ஆன டீச்சர், நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவள். செடிக்கும் அது தெரிந்துவிட்டது போல.

அதனால்தான் பிளாஸ்டிக். மறுநாள் காலையில் அண்ணன் நாற்காலியை விட்டு எழும்பி, கண்ணாடியைச் சரிசெய்து, கிட்டப் போய்ப் பார்த்தார். கொள்ளாம் என்று பூவை மெச்சினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை. அன்று மத்தியானம் மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டார். இதைப் பார்த்த பிறகு எந்தத் தங்கச்சி உண்மையைச் சொல்லுவாள்?

ஆர்க்கிட் பூவில் ஒரு சௌகரியம், ரெண்டு மாசம் வாடாமல் நின்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மல்லிகை என்றால் மறுநாளே மாட்டியிருப்பேன். ஆனால் மூணாம் மாசம் பூவில் தூசி படிந்தது. முந்தானையால் துடைத்தேன். பூவைத் துடைத்த பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற சமயம், இனி தாங்காது, அவர் எழும்புவதற்குள் வெட்டி எடுத்துவிடலாம் என்று ஒரு காலையில் கத்திரிக்கோலோடு போனேன். அங்கே அண்ணன் கையில் மக்கோடு நின்று செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"நீங்க எதுக்கு ஊத்துதிய?" என்றேன்.

"தினமும் காலையில நான்தான் ஊத்துதேன். நீ எதுக்குக் கத்திரிக்கோலோட வந்திருக்க?"

வாடின பூவை வெட்ட வந்தேன் என்றேன்.

"பிளாஸ்டிக் எங்க ஏட்டி வாடும்?"

எப்பம் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். அவ தையல் பெட்டியில உள்ள நீல நூலாலல்லா கட்டியிருக்க. அவ பள்ளிக்கூடத்துச் சேலைக்கு ஓரம் அடிச்ச நூலு. எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ தினமும் வந்து பாத்துச் சந்தோசப்பட்ட. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

வெள்ளைப் பூவுக்கு நீல நூல் கட்டின கெட்டிக்காரி நான்தான் மைனி. அவருக்காக நான் நடிக்க, எனக்காக அவர் நடிக்க, நடுவில் அந்தச் செடி காலையிலும் சாயங்காலமும் குளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சட்டியில் இருந்து எடுத்துப் பார்த்தால் பாதி வேர் அழுகிப் போயிருந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஜனவரியில உன் மைனி சென்னைக்குப் போவாள்ல, அப்பம் யாரு இதுக்கு வெள்ளம் ஊத்துவா என்று கேட்டார். நீங்கதானே என்றேன். இல்ல, நீதான் ஊத்துவன்னு நான் நினைச்சேன் என்றார்.

யாரும் ஊற்றவில்லை மைனி. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து நீங்க மகள் வீட்டுக்குப் போவீங்க, ரெண்டு மாசம் அது காய்ந்து கிடக்கும், நீங்க திரும்பி வந்ததும் மொட்டு விடும். நான் வந்து பேசினேன், அது பூத்துட்டு என்று பெண்கள் கூட்டத்தில் எல்லாம் பெருமை பேசுவீங்களே. உங்க பேச்சும் இல்லை, கைராசியும் இல்லை. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருடைய மடியும் சோம்பலும்தான் பூத்தது.

அழுகின வேரை அண்ணனே வெட்டினார். காய்ந்த தேங்காய்க் கதம்பல் மட்டையில் செடியை வைத்துக் கட்டி, காலை வெயில் படுகிற மாதிரி மாமரக் கிளையில் தொங்கவிட்டார். கட்ட அதே நீல நூலைக் கேட்டு வாங்கினார். ஜனவரியில் இருந்து தண்ணி கிடையாது என்று தீர்மானம். அவர் ஊற்றாமல் நான் காவல், நான் ஊற்றாமல் அவர் காவல். காவலுக்கு உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியுமா? பேச்சு வந்தது. பஸ்ஸில் கோழியைக் கொண்டுவந்தவள் கதையை நாலு தடவை சொல்லிவிட்டார்.

இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாய் விழுந்தபோது எனக்கு வெப்ராளமும் பயமும். அவருக்கும்தான். ஒரு நாள் ஒரு கை தண்ணியோடு மாமரத்துக்குப் போனவரைப் பிடித்தேன். முகம் கழுவ வந்தேன் என்றார்.

பிப்ரவரிக் கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஏட்டி, வா என்றார். இலை உதிர்ந்த தண்டின் கணுவில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மொட்டு இருந்தது. ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை. கிட்டப் போய் மூச்சுகூட விடவில்லை.

உங்க ஆண்டு ஜெபத்துக்கு அஞ்சு பூ விரிந்துவிட்டது. ஜெனியும் வந்தாள். பிளாஸ்டிக் விஷயத்தை அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா போன வருஷமே சொல்லிட்டாங்க அத்தே என்றாள். ஆக, ஏமாந்தது நான் ஒருத்திதான்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, அந்தத் தண்டைத் தன் கையாலேயே வெட்டி, கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே கொண்டுவந்தார். உங்களை வைத்த அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் அங்கே வருகிறார். உங்க தலைமாட்டில் வைத்தார். பூத்துட்டு, பாத்துக்கிடு என்றார். நாங்கள் எல்லாரும் கண்ணை மூடினோம்.

போதகர் உங்களைப் பற்றி நிறைய நல்ல விஷயம் சொல்லி ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தண்டு மட்டும் இருந்தது. அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கையே கொண்டு வந்திருக்கலாம்," என்றார்.

அடுத்த வருஷமும் ஜனவரியில் இருந்து செடிக்குத் தண்ணி கொடுக்க மாட்டோம், பூவோடு ரெண்டு பேரும் வருவோம், நான் ஒரு கண்ணைத் திறந்து வைத்து ஜெபம் பண்ணுவேன். இது சத்தியம். பூவைத் தின்ற ஆடு நம்ம ஆடுதான். கட்டிப் போட மறந்துவிட்டேன்.

உங்களைக் கேலி பண்ணிக்கொண்டே இருக்கிற
உங்க நாத்தனார்
செல்லத்தாய்