குடத்து மூடியில் இருந்தவள்

ஜூலை 8, 2024

பேச்சுப் போட்டியில் பள்ளி அளவில் எனக்கு முதலிடம். தலைப்பு ‘பெண் கல்வி’. அத்தாவின் பூட்டி சுலைகா பீ, இந்த வீட்டை வாங்கியபோது, வெள்ளைக்காரன் காலத்துப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை வைத்தாராம். பத்திரத்தில் ‘எழுத்தறியாதவர்’ என்று இருக்கிறது என்பார் அத்தா. பேச்சை அங்கிருந்துதான் தொடங்கினேன். “அந்த விரலுக்கு மை தடவியவர்கள்தாம் பிறகு பள்ளிக்கூடமும் திறந்தார்கள்.” கமலாட்சி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவட்டப் போட்டி அடுத்த மாதம்.

ஜூலை 14

தண்ணீர்க் குடத்தைக் கழுவும்போது அதன் மூடியையும் புளி போட்டுத் தேய்த்தேன். பழைய மரப்பலகை, எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் மூடி. அழுக்குப் போனதும் ஈர மரத்தில் எழுத்துகள் கிளம்பின. அரபு எழுத்துகள். மரத்துக்குள்ளிருந்து யாரோ பார்ப்பது போல. காய்ந்தால் மறைந்தன, தண்ணீர் தெளித்தால் மறுபடி வந்தன.

அரபு என்றால் எனக்கு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. ஓதினேன். சிலவற்றுக்கு வழக்கமில்லாத புள்ளிகள்; தெரிந்த எழுத்தாக வைத்துச் சமாளித்தேன். ராகம் தானாக வந்தது. திரும்பத் திரும்ப ஓதினேன். கடைசி வரியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டார்.

“யா அல்லா. ஓதுற எழுத்தையா இத்தினி நாளா கொடத்து மேல கவுத்து வச்சிக்கினு இருந்தோம்?”

பலகையைப் பிடுங்கித் துணியில் சுற்றினார்.

ஜூலை 19

பழுதான ஏடுகளைக் குப்பையில் போடக் கூடாது. பள்ளிவாசலின் பாழுங்கிணற்றில் விடுவதுதான் மரியாதை. ஜும்மா தொழுகை முடிந்ததும் அத்தாவும், பாங்கு சொல்லும் மோதினாரும் பலகையில் கல் கட்டி விட்டுவிட்டார்கள்.

“குர்ஆன்ல எந்த சூரா அத்தா?”

“யாரு பாத்தா? அரபுன்னாலே அதானமா.”

குடத்துக்கு இப்போது எவர்சில்வர் தட்டு.

ஜூலை 23

அது போகவில்லை. பலகையில் ஓதிய ஓசை தலைக்குள்ளேயே சுற்றுகிறது. பல் தேய்க்கும்போது, கணக்கு வகுப்பில். என் குரல் மாதிரியே இல்லை.

மதரஸாவில் பாடம் நடத்தும் உஸ்தாபியிடம் ஓதிக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கினார்.

“இப்படி எந்த சூராவும் இல்லயே. யாருகிட்ட கேட்டு ஓதின?”

இங்கே அதுதான் முறை. யாரிடம் கேட்டோம், அவர் யாரிடம் கேட்டார் என்று சொல்ல வேண்டும். அந்த வரிசை இல்லாத பாடத்துக்கு மதிப்பில்லை.

“பலகைல பாத்தேன், உஸ்தாபி.”

“அப்ப இனிமே பலககிட்டயே ஓது, போ.”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜூலை 24

பயமா இருக்குது.

ஜூலை 30

எழுத முடியுமா தெரியவில்லை.

சுகாசினியோடு சைக்கிளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் மகள்; என் வகுப்பு.

“இன்னாடி, தெனம் ஒரே பாட்ட பாடிக்கினு வர?”

“பாட்டு இல்ல. ஓதறது.”

“நீங்க தமிழ்லயா ஓதுவீங்க?”

“தமிழ் இல்லடி. அரபு.”

“அப்ப நடுவுல ‘மகளே’ன்னு வருதே, அது யாரு, அரபு மகளா?”

பிரேக் பிடித்தேன். ராகம் இல்லாமல் சொல்லு என்றாள். மெதுவாகச் சொன்னேன்.

கேட்டு எழுது மகளே. பொருள் அறியாது ஓதினால் வாய் நனையும், தாகம் தீராது. உன் பேரை நீயே எழுது. இல்லாவிட்டால்—

அவ்வளவுதான். இல்லாவிட்டால் என்ன? அம்மா பிடுங்கிய வரி அது.

தமிழ். அரபு எழுத்தில் தமிழ். அத்தனை தடவை ஓதினேனே, ஒரு தடவைகூட நான் கேக்கலயே. எழுத்தைப் பார்த்ததுமே, இது எனக்குப் புரியாதது என்று முடிவு கட்டியது யார்? யார் சொல்லிக் கொடுத்தது அதை?

ஆகஸ்ட் 2

நான் ஓதிக் காட்டியதை அத்தா நம்பாமல் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனார்.

“கல்லு கட்டி வுட்டதுபா. அடியில சேறு,” என்றார் மோதினார். “காலங்காலமா வுட்ட ஏடு எம்மாம் கெடக்குது அதுல.”

எட்டிப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அதில் எத்தனை தமிழ்? மரியாதையோடு நாங்கள் மூழ்கடித்தது எவ்வளவு?

சுலைகா பீ பத்திரத்தில் இந்த எழுத்தில் தன் பேரை எழுதத்தான் வந்தாரோ? பதிவு அலுவலகக் குமாஸ்தாவுக்கு அது எழுத்தாகவே தெரியவில்லையோ? பலகை அவருடையதுதானா? அதுவும் தெரியாது.

ஆகஸ்ட் 6

பேச்சை மாற்ற வேண்டும் என்று கமலாட்சி டீச்சரிடம் சொன்னேன்.

“அந்தக் கைநாட்ட எடுத்துட்டா பேச்சே இல்லமா. ஆதாரம் எதனா இருக்குதா?”

“கெணத்துல இருக்குது டீச்சர்.”

“ஜட்ஜுங்க கெணத்துல எறங்க மாட்டாங்க. ஜெயிக்கணுமா வேணாமா, நீயே பாத்துக்க நதியா.”

ஆகஸ்ட் 17

மாவட்டப் போட்டி. மேடையில் சொன்னேன்:

“எழுத்தறியாதவர் என்று எழுதிய குமாஸ்தாவுக்கு, சுலைகா பீயின் எழுத்தை வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். நான் வாசித்தேன். எனக்கும் தெரியவில்லை.” பிறகு பலகையை ஓதினேன், ராகத்தோடு.

பரிசு இல்லை. “நல்ல கற்பனைமா,” என்றார் ஒரு நடுவர். திரும்பும்போது டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 25

சுகாசினி வீடு. அவள் ராட்டையில் ஊடு நூலைத் தாராகச் சுற்றியபடி முணுமுணுத்தாள். என் ஓதல், அதே ராகம். எப்போது பிடித்துக்கொண்டாள்?

தறியிலிருந்து அவள் அப்பா வேலாயுதம் கேட்டார். “யாருகிட்ட கத்துக்கின அத?”

“நதியாகிட்டபா.”

“நதியா யாருகிட்டமா கத்துக்கின?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுகாசினியே சொன்னாள். “அவங்க பூட்டிகிட்ட. சுலைகா பீ.”

நான் திருத்தவில்லை.

அவர் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தினார்.

“பாதியில நிக்குதே.”

“ஆமாங்க,” என்றேன். “பூட்டி மிச்சத்த இன்னும் சொல்லித் தரல.”