லோய்ஸ் அனுப்பிய கட்ரின்

அன்பு மகளுக்கு,

என் பேத்தி கட்ரினுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, யாகோப் ரயில் ஓட்டப் பழகுகிறான், சின்னவள் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்தில் நீ எழுதியதையெல்லாம், மலை ஏறி வந்து நான் நடத்தும் இந்தத் தங்கும் குடிலில் சூப் குடிக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கீழ்க்குடிலை நடத்தும் லோய்ஸ், அங்கிருந்து யார் ஏறி வருகிறார்கள் என்று சொல்ல வழக்கம்போல் போன் செய்தான். "ஏய் கிழவி, இன்னிக்கு உன் பக்கம் ஒருத்திதான் ஏறி வர்றா. கட்ரினாம், ஹாம்பர்க்காம். உன் பேத்தியா இருந்தா எனக்கும் கேக் எடுத்து வை!"

பெயரும் அதே, ஊரும் உங்கள் ஊர்; சொல்லாமல் வந்து என்னை அசத்தப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அடுப்போரப் படுக்கையை விரித்தேன். பன்றிக்கறி போட்ட ரொட்டி உருண்டை வேகவைத்தேன். வாசலில் அவளைப் பூட்ஸ் கழற்றக்கூட விடாமல் கட்டிக்கொண்டேன். மூக்கு அப்படியே உன் மூக்கு.

"பாட்டி, நான் வேற கட்ரின் போலிருக்கே" என்றாள் மெதுவாக.

நல்ல பெண். உருண்டை மொத்தமும் சாப்பிட்டாள், தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தாள். காலையில் அடுத்த குடிலுக்கு நான் போன் செய்தபோது, "என் பேத்தி வர்றா, நல்லாப் பாத்துக்கோ" என்றேன். பக்கத்தில்தான் நின்றாள். மறுக்கவில்லை.

நீ கடைசியாக வந்தது அப்பாவை அடக்கம் செய்தபோது. உனக்கு வேலை இருக்கும், தெரியும். என்னிடமுள்ள படத்தில் கட்ரினுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. நிஜமாகவே அவள் ஏறி வந்தால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

உன் அம்மா