தலைக்கு எட்டாயிரம்

தூத்துக்குடி,
மார்ச் 27.

அன்புள்ள டேவிட்சனுக்கு,

வேதமணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே யாரும் படுத்த படுக்கையாக இல்லை. அதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்கு வரவில்லை. கனடாவில் குளிர் குறைந்ததா? அனுஜாவுக்குப் பிறந்த உன் பேரனைப் போட்டோவில் பார்த்தேன். மூக்கு அப்படியே உன் மூக்கு. பாவம் பிள்ளை.

இறால் உரிக்கிற பீலிங் ஷெட்டை மூடியது போல பேக்கிங் ஹாலையும் மூடிவிடலாமா, இந்த மாத ஸ்டேட்மென்ட்டை அனுப்பு என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். அங்கே பதில் போட்டால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இது முப்பது பெண்களின் பிழைப்பு. அதனால்தான் கூரியரில் கடிதம் அனுப்புகிறேன். சிரிக்காமல் கடைசிவரை படி.

ஜனவரியில் பீலிங் ஷெட்டை மூடியது தப்பு, டேவிட்சன். அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

உன் அப்பா விசைப்படகு வைத்திருந்தபோது, படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார். இறால் கம்பெனி ஆரம்பித்தபோதும், ஏலே வேதமணி, எதுக்குல மண்டையப் போட்டு உடைக்க, பொதுச் செலவத் தலைக்குப் பிரிச்சுப் போடு என்றார். நானும் இருபத்திரண்டு வருடமாக அப்படியே போட்டேன். குளிர் அறைக்கு ஆகும் கரண்ட், கட்டட வாடகை, ஆபீஸ் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் ஆறு லட்சம். பீலிங்கில் நாற்பத்தைந்து பேர், பேக்கிங்கில் முப்பது பேர். தலைக்கு எட்டாயிரம். இறால் உரித்த பெண்கள் தலையில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் விழுந்தது. கூலி, ஐஸ், தண்ணீர் எல்லாம் போக அந்த ஷெட் நமக்குக் கொடுத்தது மூன்று லட்சத்து முப்பதாயிரம். முப்பதாயிரம் நட்டம் என்று சிவப்பு மையில் எழுதினேன். நீ மூடச் சொன்னாய்.

குளிர் அறைக்கும் ஈரத் தரையில் நின்று இறால் உரிக்கிறவளுக்கும் என்ன சம்பந்தம்? பிப்ரவரி கரண்ட் பில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியும் பில்லில் சொல்லும்படி ஒன்றும் குறையவில்லை. வாடகை குறையவில்லை. என் சம்பளமும் குறையவில்லை. அவர்கள் மாதாமாதம் தந்த மூன்று லட்சத்து முப்பதாயிரம்தான் போயிருக்கிறது. இப்போது ஆறு லட்சமும் பேக்கிங் பெண்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர்கள் தருவது இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். நட்டம் வராமல் வேறென்ன வரும்? ஷெட்டை மூடினால் எந்தச் செலவு நிற்கும், எது நிற்காது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். காஸ்டிங் என்று செலவுக் கணக்கையே படித்த மடையன், நான் கேட்கவில்லை.

சரி, திரும்பத் திறந்துவிடு என்பாய். அதற்கும் ஓடிப் பார்த்தேன். உரித்த இறால் எடுத்த கொச்சிக்காரர் வேறு கம்பெனியோடு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார். பெண்களில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியான முறையில் போட்டுப் பார்த்தேன். பேக்கிங்கை மட்டும் வைத்து ஓட்டினால் மாதம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கையைக் கடிக்கும். அதையும் மூடினால் குளிர் அறையே வேண்டாம், கரண்டும் வாடகையும் நின்றுவிடும். மூடுவதுதான் சரி. அன்று என் தப்பான கணக்கு சொன்னதை இன்று சரியான கணக்கும் சொல்கிறது. அப்படிச் சொல்லும்படி ஆக்கி வைத்தவனே நான்தான். கணக்குத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் மாப்பிள்ளையூரணி சுடலைச்செல்வியைப் பார்த்தேன். பீலிங் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தாளே, அவள்தான். எங்க கை மெதுவாப் போனதாலதான அண்ணாச்சி நட்டம் வந்துச்சு என்று கேட்டாள். நட்டம் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே, எல்லாரிலும் மெதுவாக உரிக்கிற தங்கத்தாயை டிசம்பரில் அவர்களே வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஏளா, நீ ஒருத்தி நின்னுக்கிட்டா நாங்க இத்தன பேரும் பொழைச்சுக்கிடுவோம் என்று இவளே போய்ச் சொன்னாளாம். இரண்டு பேருக்கும் ஒரே தெரு. இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு அந்த மாத ஸ்டேட்மென்ட் ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு பேர் நாற்பத்தைந்து ஆனதில் அவர்கள் பங்குச் செலவு கொஞ்சம் குறைந்தது. நான் பக்கத்தில் முன்னேற்றம் என்று எழுதி உனக்கு அனுப்பினேன்.

என் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன். இப்படி வேர்த்து வழிகிறதே என்று வீட்டில் பெர்சி கேட்டதற்கு, கட்டின மனைவியிடமே பஸ்ஸில் கூட்டம் என்று பொய் சொன்னேன்.

மூடுகிற காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அங்கிருந்து போட்டு அனுப்பாதே, வந்து போடு. பேக்கிங் பெண்களோடு பீலிங் பெண்களையும் கூப்பிடு. நட்டம் உங்களால் வரவில்லை, எங்கள் கணக்கால் வந்தது என்று முதலாளி வாயால் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் என்னை ஏசட்டும்.

தங்கத்தாய் வீட்டுக்கும் நாம் போகவேண்டும். நேற்று நான் தனியாகத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து, செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு, பொடி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை வேகமாகிவிட்டால், ஷெட்டைத் திறக்கும்போது கம்பெனியில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாளாம், தெருமுனைக் கடையில் சொன்னார்கள். தெருமுனையோடு திரும்பிவிட்டேன்.

கர்த்தர் உன் பிரயாணத்தைப் பத்திரமாக நடத்துவாராக. பிள்ளைக்கு என் முத்தம். டிக்கெட் தேதியை மட்டும் எழுது.

உன்
வேதமணி