ஏழாம் எண் விலகினார்

நிலவு, தென்முனைப் பனிச் சுரங்கம். சமையற்கூடக் குறிப்பு.

நாள் 212, காலை 6.10
இன்று இங்கே இருந்தவர்கள்: டாக்டர் மகுடபதி, நர்ஸ் ரெஜினா, பனி வெட்டும் பிலவேந்திரன், சமையல்காரி நாச்சாத்தாளாகிய நான். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கோதுமை ரவை உப்புமா. நிலாத்தூசியால் நுரையீரல் வீங்காமல் இருக்க டாக்டர் எல்லோருக்கும் ஊசி போட்டார், தனக்கும் போட்டுக்கொண்டார். நான் போகவில்லை. என் முழங்கால் வீங்கியே கிடக்கட்டும். டாக்டர் தன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் சிரித்தார்: "உங்க ரத்தமும் உங்கள மாதிரியேம்மா, எதையும் மறக்காது."
அவர் பேர் வாங்கியதே அதில்தான். உடம்பின் முதல் காவலான வெள்ளையணுக்கள் பழைய காயத்தை நினைத்து நினைத்து வீங்குகின்றனவாம். அவற்றை மறக்கடிக்கத்தான் இந்த மருந்து.

நாள் 219, மதியம்
காற்று வடிகட்டியில் பூஞ்சை. முதலில் பிலவேந்திரன் விழுந்தான், பிறகு ரெஜினா, இப்போது டாக்டர். யாருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உதடு மட்டும் நீலம். ஊசி போடாத எனக்கு மட்டும் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பூஞ்சையை அது எதிர்க்கிறது, அதனால்தான் நடமாடுகிறேன்.
இந்த அமைதியை முன்பே பார்த்திருக்கிறேன். கோவையில் இதே மருந்துக்கு மகுடபதியின் முதல் ஆய்வு, அதில் என் மகள் ஏழாம் எண். அவளுக்கு விரல் வீக்கம் வடிந்தது. தானே சடை பின்னிக்கொண்டாள். பிறகு சளி பிடித்து, உடம்பு சுடவே சுடாமல் செத்தாள். விருது மேடையில் அவர் சொன்னதை டி.வி.யில் கேட்டேன்: "ஏழாம் எண் விலகினார்." விலகினாளாம். அந்த வாய்க்குச் சோறு போடும் வேலையைக் கேட்டு வாங்கித்தான் இங்கே ஏறி வந்தேன்.

நாள் 220
பூமியிலிருந்து: "மருந்துக் கப்பல் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஊசி போடாத நாச்சாத்தா ரத்தத்த மூணு பேருக்கும் ஏத்துங்க, எல்லாருக்கும் சேர்ற வகைதான்."
பூமி சொல்லச் சொல்ல முதல் பையை நானே எடுத்து ரெஜினாவுக்கு ஏற்றினேன். எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாவது பிலவேந்திரனுக்கு. மூன்றாவதையும் அவள் எடுத்துத் தந்தாள். டாக்டரின் அறைக்கு வெளியே, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒலிபெருக்கிப் பேச்சு அப்படியே:
"அம்மா, அடுத்தது எனக்குத்தானே?"
"உங்களுக்குத்தானுங்க. ஏழாம் எண்ணோட பேரச் சொல்லுங்க, ஏத்தச் சொல்றேன்."
"ஆய்வுல பேர் வெக்க மாட்டோம்மா. அது விதி."
"எம்பட பிள்ளை தண்ணி கேட்டப்ப பக்கத்துல நின்னது விதியா, நீங்களா?"

நாள் 221
தெரிந்த பேரையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "சாந்தாமணி… கோமதி… பூங்கொடி…" நான் கஞ்சி கிளறிக்கொண்டே கேட்டேன். "துளசிமணி" என்றார். கரண்டி நின்றது. அவர் நிற்கவில்லை. "ரேவதி… சரோஜா…"
அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.
ரெஜினா கேட்டாள்: "ஆத்தா, ஏதாச்சும் பேர் சரியா வந்துச்சா?"
"இல்ல கண்ணு."

நாள் 222, நேரம் பார்க்கவில்லை
ஒலிபெருக்கியில் சத்தமில்லை. பை வீணாகவில்லை, பிலவேந்திரனுக்கே மறுபடி ஏற்றியாயிற்று. எனக்குத் தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது.
இன்று இருப்பவர்கள்: ரெஜினா, பிலவேந்திரன், நான். ஒருவர் விலகினார்.
இதைக் கண்டெடுப்பவர்களே, விலகியது யாரென்று கேட்பீர்கள். நான் எண் போட மாட்டேன். துளசிமணியின் அம்மா எழுதுகிறேன். செத்த பிறகும் நான் மன்னிக்காதவன்
மகுடபதி